நீச்சல் தடாகத்தைச் சூடாக்கு முன் மூடுங்கள்

நுவரெலியா, பண்டாரவளை, ஹப்புத்தளை, கண்டி போன்ற இடங்களில் ஒரு வீட்டை வாங்கியோ கட்டியோ விடுமுறைக் காலங்களில் வாடகைக்கு விடுவது வியாபாரிகள் பலருக்கு இன்று உப தொழிலாகிவிட்டது. பிள்ளைகளோடு வரும் குடும்பத்தினர் நீச்சல் தடாகம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, தண்ணீர் சூடாக இருக்குமா என்பதுதான். மலைநாட்டுக் குளிரில் சூடாக்கப்படாத தடாகம் பார்ப்பதற்கு மட்டுமே அழகு. காலை நனைத்துப் பார்த்த பிள்ளைகள் அடுத்த நிமிடம் கரையேறி விடுவார்கள்.

எனவே உரிமையாளர் ஹீற்றர் ஒன்றைப் பூட்டுகிறார். முதல் மாத மின்பட்டியல் வருகிறது. விடுதியின் வருமானத்தில் பெரும்பகுதி அந்தப் பட்டியலுக்கே போய்விடுவதைக் கண்டு ஹீற்றரை நிறுத்திவிடுகிறார். தடாகத்துக்குப் போட்ட முதலும் முடங்குகிறது, ஹீற்றருக்குப் போட்ட முதலும் முடங்குகிறது. இந்த நட்டம் பெரும்பாலும் கருவியின் குறையால் வருவதல்ல. வெப்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்காமல் பணத்தை இறக்கியதால் வருவது. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, பணத்தை எந்த ஒழுங்கில் செலவிடுவது என்பவற்றை இவ்வாரம் பார்ப்போம்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

கொழும்பு, பேருவளை, காலி, கல்முனை போன்ற கரையோரப் பகுதிகளில் தடாகத்தைச் சூடாக்க வேண்டிய தேவை பொதுவாக இல்லை. கொழும்பின் வருடாந்த சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் அளவில் உள்ளது. வெயில் படும் தடாகத்தின் நீரும் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். சர்வதேச நீச்சல் போட்டிகளுக்கு விதிக்கப்பட்டுள்ள நீரின் வெப்பநிலையே 25 முதல் 28 பாகைதான். ஆகவே கரையோரத்தில் உள்ள ஒருவரிடம் எவராவது தடாக ஹீற்றர் விற்க வந்தால், நோயாளிகளுக்கான சிகிச்சைத் தடாகம் போன்ற விசேட தேவை இருந்தாலன்றி வாங்க வேண்டியதில்லை.

மலைநாட்டின் நிலை வேறு. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6 பாகைக்கு மேல் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில அதிகாலைகளில் அங்கு புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. பண்டாரவளையில் சராசரி 20 பாகை அளவில் நிற்கும். இத்தகைய இடங்களில் நீரை 28 பாகைக்குக் கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்க வேண்டுமானால் வெளியிலிருந்து வெப்பம் கொடுத்தே ஆகவேண்டும்.

வெப்பத்துக்கும் அலகுக் கணக்கு உண்டு

மின்பட்டியலில் நாம் காணும் அலகு என்பது ஒரு கிலோவோட் மணித்தியாலம். வெப்பத்தையும் அதே அலகால் அளக்கலாம். நினைவில் வைக்கவேண்டிய எண் ஒன்றுதான். 1,000 லீற்றர் தண்ணீரின் சூட்டை ஒரு பாகை உயர்த்த 1.16 அலகு வெப்பம் தேவை.

உதாரணமாக 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் சராசரியாக 1.4 மீற்றர் ஆழமும் கொண்ட தடாகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறிய விடுதிகளுக்குப் பொருத்தமான அளவு இது. இதில் ஏறத்தாழ 45,000 லீற்றர் நீர் பிடிக்கும். ஒரு பாகை உயர்த்த 52 அலகு. 20 பாகையில் உள்ள நீரை 28 பாகைக்குக் கொண்டுவர சுமார் 420 அலகு.

இந்த 420 அலகு பெரிதாகத் தோன்றலாம். ஆனால் இது ஒரு தடவைச் செலவு. கடை திறக்கும்போது போடும் முதல் சரக்கைப் போன்றது. உரிமையாளரை வருத்துவது இதுவல்ல. ஒவ்வொரு இரவும் தடாகத்திலிருந்து வெளியேறும் வெப்பமும், அதை ஈடுசெய்ய ஒவ்வொரு நாளும் ஓடும் ஹீற்றருமே பட்டியலை ஏற்றுகின்றன.

வெப்பம் எந்த வழியால் போகிறது

தடாகத்தின் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் வெப்பம் போய்விடுகிறது என்றே பலர் எண்ணுகிறார்கள். நிலத்தினுள் அமைந்த தடாகத்தில் அந்த இழப்பு சிறியது. வெப்பம் வெளியேறும் பெரிய வாசல் நீரின் மேற்பரப்பு. அதிலும் முதன்மையான வழி ஆவியாதல். வெளியில் அமைந்த தடாகங்களின் வெப்ப இழப்பில் 70 வீதம் வரை ஆவியாதலால் ஏற்படுகிறது என அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் நுகர்வோருக்கான தனது வழிகாட்டியில் கூறுகிறது. எஞ்சியது காற்றுக்கும் வானத்துக்கும் நேரடியாகப் போகும் வெப்பமும் நிலத்துக்குள் போகும் சிறு பகுதியுமாகும்.

ஆவியாதலுக்கு ஏன் இவ்வளவு பலம்? ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது சுமார் 0.67 அலகு வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. இது ஏறத்தாழ 580 லீற்றர் நீரின் சூட்டை ஒரு பாகை குறைப்பதற்குச் சமம். வியர்த்த உடம்பில் காற்றுப் படும்போது குளிர்வதும், மண்பானையில் தண்ணீர் குளிர்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். சூடாக்கப்பட்ட தடாகம் திறந்து கிடந்தால் அது பெரியதொரு மண்பானையின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

மேலே சொன்ன தடாகத்தின் மேற்பரப்பு 32 சதுர மீற்றர். நீர் 28 பாகையிலும் சுற்றியுள்ள காற்று 20 பாகையிலும் இருக்கும் ஓரிடத்தில், இலேசான காற்று வீசும்போது, நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகிறது எனக் கொள்வோம். கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் அது 160 லீற்றர் நீர். அதோடு போகும் வெப்பம் சுமார் 108 அலகு. தடாகத்தின் சூட்டை ஒரே நாளில் 2 பாகை இறக்குவதற்கு இது போதும்.

உங்கள் தடாகத்தில் எவ்வளவு போகிறது என்பதை அறிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு வாளியில் தடாகத்து நீரை நிரப்பி, தடாகத்தின் முதற்படியில் நீருக்குள் பாதி அமிழ்ந்திருக்கும்படி வையுங்கள். வாளியின் உள்ளே உள்ள நீர்மட்டத்தையும் வெளியே உள்ள தடாகத்தின் நீர்மட்டத்தையும் வாளியிலேயே குறியுங்கள். மழையும் குளிப்போரும் இல்லாத 24 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். வாளிக்குள் இறங்கிய அளவு ஆவியானது. தடாகத்தின் மட்டம் அதைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பணம் கொடுத்துச் சூடாக்கிய நீர் மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். அதை முதலில் அடைக்காமல் வேறெதையும் வாங்கக் கூடாது.

முதற் செலவு விரிப்புக்கே

ஆவியாதலைத் தடுப்பதற்கு நீரையும் காற்றையும் பிரித்தால் போதும். அதற்காகவே தடாக விரிப்புகள் விற்பனைக்கு உள்ளன. காற்றுக் குமிழ்கள் நிறைந்த பிளாஸ்டிக் விரிப்பு நீரின் மேல் மிதக்கும். கண்ணாடிப் பொருள்களைச் சுற்றிவரும் குமிழ்த் தாளைப் போன்றது, ஆனால் அதைவிடத் தடிப்பானதும் வெயிலைத் தாங்கக் கூடியதுமாகும். ஒளி ஊடுருவும் இனத்தை வாங்கினால் பகலில் மூடியிருக்கும்போதும் சூரிய வெப்பத்தின் பெரும்பகுதி நீருக்குள் இறங்கும். இதைச் சுருட்டி வைக்க உருளை ஒன்றும் வேண்டும். உருளை இல்லாத விரிப்பை ஊழியர்கள் சில வாரங்களிலேயே மூலையில் போட்டுவிடுவார்கள்.

பயன்படுத்தாத நேரத்தில் தடாகத்தை மூடிவைப்பதால் சூடாக்கும் செலவில் 50 முதல் 70 வீதத்தை மீதப்படுத்தலாம் என்பது அதே அமெரிக்கத் திணைக்களத்தின் மதிப்பீடு. நமது உதாரணத் தடாகத்தில் இது என்னவாகிறது என்று பார்ப்போம். விருந்தினர் குளிக்கும் 4 மணித்தியாலம் மட்டும் திறந்து, எஞ்சிய 20 மணித்தியாலமும் மூடியிருந்தால் ஆவியாதலால் போகும் வெப்பம் 108 அலகிலிருந்து ஏறத்தாழ 25 அலகுக்கு இறங்கும். நாளொன்றுக்கு 80 அலகுக்கு மேல் மீதம்.

நீரும் மீதமாகும். குளோரினும் குறைவாகவே செலவாகும், ஏனெனில் வெயிலிலும் காற்றிலும் அது கரைந்து போவது குறைகிறது. இலை தழை விழுவதும் குறையும்.

எதனால் சூடாக்குவது

சந்தையில் உள்ள வழிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, கொயில் மூலம் நேரடியாகச் சூடாக்கும் மின் ஹீற்றர். வாங்கும் விலை குறைவு. ஆனால் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஓர் அலகு வெப்பமே கிடைக்கும். அதற்கு மேல் ஒருபோதும் கிடைக்காது.

இரண்டாவது, சமையல் எரிவாயுவில் இயங்கும் ஹீற்றர். 12.5 கிலோகிராம் சிலிண்டர் ஒன்றில் சுமார் 160 அலகு வெப்பம் அடங்கியுள்ளது. ஹீற்றரில் வீணாவது போக ஏறத்தாழ 130 அலகு நீருக்குப் போய்ச் சேரும். அதாவது ஒரு சிலிண்டர் நமது தடாகத்தை இரண்டரைப் பாகை உயர்த்தும். 20 பாகையிலிருந்து 28 பாகைக்குக் கொண்டுவர மூன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் வேண்டும். இதன் அனுகூலம் வேகம். வார இறுதியில் மட்டும் ஆட்கள் வரும் விடுதியில் சில மணித்தியாலங்களுக்கு முன்பு பற்றவைத்து நீரைத் தயார் செய்யலாம். ஆனால் 2022ஆம் ஆண்டில் சிலிண்டருக்காக வீதியோரங்களில் நின்ற வரிசைகளை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். விருந்தினருக்குக் கொடுத்த வாக்கை எரிவாயு விநியோகத்தை மட்டும் நம்பிக் கொடுப்பது ஆபத்தானது.

மூன்றாவது, ஹீட் பம்ப் எனப்படும் வெப்பப் பம்பி. இது மின்சாரத்தால் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து நீருக்குள் தள்ளுகிறது. குளிரூட்டி அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுவதைத் தலைகீழாக எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் அலகு மின்சாரத்துக்கு எத்தனை அலகு வெப்பம் கிடைக்கிறது என்பதை சி.ஓ.பி. என்ற எண்ணால் குறிப்பார்கள். தடாகங்களுக்கான பம்பிகளில் இது 3 முதல் 7 வரை இருக்கும். காற்று சூடாக இருந்தால் எண் கூடும், குளிர்ந்தால் குறையும். மலைநாட்டுக்கு 4 எனக் கொண்டு கணக்குப் போடுவது பாதுகாப்பானது.

இதன் குறை வேகமின்மை. 10 கிலோவோட் வெப்பம் தரும் பம்பி ஒன்று 420 அலகு கொடுக்க 42 மணித்தியாலம் ஓட வேண்டும். பகலில் மட்டும் 8 மணித்தியாலம் ஓட்டினால் ஐந்து நாட்களுக்கு மேல் செல்லும். இடையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். எனவே தொடர்ந்து முற்பதிவுகள் உள்ள விடுதிக்கே இது பொருந்தும்.

நான்காவது, கூரையில் வைக்கும் சூரிய வெப்பத் தகடுகள். தடாகத்துக்கென்று செய்யப்பட்ட, கண்ணாடி மூடியில்லாத கறுப்புப் பிளாஸ்டிக் தகடுகள் விலை குறைந்தவை. தடாகத்து நீரே அவற்றினூடாகச் சுற்றி வரும். தடாகப் பரப்பில் பாதி முதல் முழு அளவு வரை தகடுகள் வேண்டும். குளியலறைகளுக்காக விற்கப்படும் தாங்கியுடன் கூடிய சூரிய ஹீற்றர்களைத் தடாகத்துக்கு வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும். அவை சிறிதளவு நீரை அதிக சூட்டுக்குக் கொண்டுவரச் செய்யப்பட்டவை. நமக்கு வேண்டியது பெருமளவு நீரை மிதமான சூட்டில் வைத்திருப்பது.

இருப்பினும் மூடியில்லாத தகடுகள் கண்டி போன்ற மிதமான இடங்களிலேயே நன்றாக வேலை செய்யும். நுவரெலியாவின் குளிர்காற்றில் தகடே குளிர்ந்துவிடும். எங்கே பூட்டினாலும் தகடு நீரைவிடச் சூடாக இருக்கும்போது மட்டும் நீரைத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பகலில் சேர்த்த வெப்பத்தை இரவில் அதே தகடுகள் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

கணக்கை ஒப்பிடுவோம்

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். ஆவியாதலால் போகும் வெப்பத்தை ஈடுசெய்வதற்கு மட்டும் ஒரு மாதத்துக்கு, அதாவது 30 நாட்களுக்கு, எவ்வளவு மின்சாரம் தேவை?

விரிப்பும் இல்லை, கொயில் ஹீற்றர் என்றால் 3,240 அலகு.

விரிப்பு இல்லை, வெப்பப் பம்பி என்றால் 810 அலகு.

விரிப்பு உண்டு, கொயில் ஹீற்றர் என்றால் 750 அலகு.

விரிப்பும் உண்டு, வெப்பப் பம்பியும் உண்டு என்றால் சுமார் 190 அலகு.

நடுவிலுள்ள இரண்டு வரிகளையும் திரும்பப் பாருங்கள். விலை கூடிய வெப்பப் பம்பியை வாங்கித் தடாகத்தைத் திறந்து போட்டவரும், மலிவான கொயில் ஹீற்றரை வைத்துக்கொண்டு ஒழுங்காக மூடியவரும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்துக்கே பணம் கட்டுகிறார்கள். விரிப்பின் விலையோ பம்பியின் விலையில் ஒரு சிறு பங்கு. பணத்தை எந்த ஒழுங்கில் செலவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை.

ஆவியாதல் தவிர்ந்த ஏனைய இழப்புகளும் உண்டு. நல்ல வெயில் நாட்களில் தடாகத்தின் மேல் நேரடியாக விழும் சூரிய வெப்பம் அவற்றைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். மழையும் மூட்டமுமான நாட்களில் அது கிடைக்காது. எனவே உங்கள் உண்மையான பட்டியல் மேற்சொன்ன எண்களைவிடச் சற்றுக் கூடலாம். ஆனால் முதல் வரி மிகக் கூடியதாகவும் கடைசி வரி மிகக் குறைந்ததாகவும் இருப்பது மாறாது.

விரிப்புக்குப் போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதையும் நீங்களே கணக்கிடலாம். மாதத்தில் மீதமாகும் அலகுகளை உங்கள் பட்டியலிலுள்ள ஓர் அலகின் விலையால் பெருக்குங்கள். விரிப்பினதும் உருளையினதும் மொத்த விலையை அதனால் பிரியுங்கள். கணக்குக்காக ஓர் அலகு 40 ரூபா என வைத்துக்கொண்டால், வெப்பப் பம்பி உள்ளவருக்கு 620 அலகு மீதம், அதாவது மாதம் 24,800 ரூபா. கொயில் ஹீற்றர் உள்ளவருக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் ரூபா.

இலங்கையில் மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. அதன் பின்னர் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. ஆகவே பழைய பட்டியலை வைத்துக் கணக்குப் போடாமல், கையில் உள்ள கடைசிப் பட்டியலை எடுங்கள். வீட்டு இணைப்பில் அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும் என்பதால், தடாகத்தின் அலகுகள் எல்லாம் உச்ச விலைப் படியிலேயே விழும். நேரத்துக்கு நேரம் விலை மாறும் இணைப்பு உள்ளவர்கள் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் பம்பியை ஓட்டவே கூடாது. காற்று சூடாக இருக்கும் பகல் வேளையே வெப்பப் பம்பிக்கும் உகந்தது.

கூரையில் சூரிய மின்சாரம் இருந்தால்

2016ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட சூரிய பல சங்கிராமய திட்டத்துக்குப் பின்னர் வர்த்தகர்கள் பலர் தமது கூரைகளில் சூரிய மின் தகடுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அத்தகையோர் பகலில் பம்பியை ஓட்டினால் சொந்த மின்சாரத்தையே வெப்பமாகத் தடாகத்தில் சேமிக்கலாம். தடாகத்து நீரே அவர்களுக்கு ஒரு களஞ்சியம்.

ஒரு கிலோவோட் அளவு தகடுகளிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 3 முதல் 4 அலகு வரை எதிர்பார்க்கலாம். மூடிய தடாகத்தின் ஆவியாதலை ஈடுசெய்ய வெப்பப் பம்பிக்கு நாளொன்றுக்கு 6 அலகு அளவு போதும். அதற்கு 2 கிலோவோட் தகடுகள் காணும். திறந்து கிடக்கும் தடாகத்துக்கு 27 அலகு வேண்டும், அதாவது 8 கிலோவோட் அளவு. இங்கும் ஒரு விரிப்பு 6 கிலோவோட் தகடுகளின் வேலையைச் செய்கிறது.

செலவில்லாத சிக்கனங்கள்

சில விடயங்களுக்குப் பணமே தேவையில்லை, அல்லது மிகச் சிறிதளவே தேவை.

நீரின் சூட்டை 30 பாகையில் வைத்திருப்போர் அதை 28 ஆகக் குறைத்தால், மேற்சொன்ன நிலைமைகளில் ஆவியாதல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். சிறு பிள்ளைகளும் முதியோரும் வரும் நாட்களில் மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

காற்றைத் தடுங்கள். காற்று வரும் திசையில் ஒரு தாழ்ந்த மதிலோ அடர்ந்த செடிவேலியோ இருந்தால் நீரின் மேல் காற்று உராய்வது குறையும். ஆனால் வெயிலை மறைக்கும் உயரத்துக்கு அதை வளரவிடக் கூடாது. விழுந்த இலைகள் தடாகத்தில் சேராதவாறு சற்றுத் தள்ளி நடுங்கள்.

அழகுக்காக வைத்த செயற்கை அருவியையும் நீர்த்தாரையையும் இரவில் நிறுத்துங்கள். நீர் துளித்துளியாகச் சிதறும்போது ஆவியாகும் பரப்புப் பன்மடங்காகிறது.

புதிதாகக் கட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தினசரி இழப்பைத் தீர்மானிப்பது தடாகத்தின் ஆழமல்ல, பரப்பு. பக்கத்து விடுதியில் 12 மீற்றர் தடாகம் உண்டு என்பதற்காக நாமும் அதைக் கட்டினால் ஒவ்வொரு மாதமும் அதற்கான கட்டணத்தைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு அறைகள் கொண்ட விடுதிக்குச் சூடான சிறிய தடாகம், குளிர்ந்த பெரிய தடாகத்தைவிடப் பெறுமதியானது. நேர் விளிம்புகள் கொண்ட நீள்சதுர வடிவமாக இருந்தால் விரிப்பும் சரியாகப் பொருந்தும். அவரைவிதை வடிவத் தடாகங்களில் விரிப்பை வெட்டிப் பொருத்துவதும் சுருட்டுவதும் தொல்லையானவை.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

வெப்பப் பம்பி வாங்குவோர் விற்பனையாளரிடம் சி.ஓ.பி. எவ்வளவு என்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. எந்தக் காற்று வெப்பநிலையில் என்று கேட்க வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள எண் வழமையாக 26 அல்லது 27 பாகைக் காற்றுக்கு அளக்கப்பட்டது. அது கொழும்பின் காற்று. விபரத் தாளில் 15 பாகைக் காற்றுக்கான இன்னொரு வரி பெரும்பாலும் இருக்கும். பண்டாரவளைக்கோ நுவரெலியாவுக்கோ வாங்குபவர் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். அந்த விபரத்தைத் தர முடியாதவரிடம் வாங்காமலிருப்பது நல்லது.

வெப்பம் மாற்றும் குழாய் டைட்டேனியத்தால் ஆனதா என்று கேளுங்கள். குளோரின் கலந்த நீர் ஏனைய உலோகங்களைக் காலப்போக்கில் அரித்துவிடும். கொம்பிரசருக்கு எத்தனை வருட உத்தரவாதம், உதிரிப்பாகங்கள் நாட்டில் கிடைக்கின்றனவா, பழுதென்றால் மலைநாட்டுக்கு வந்து திருத்துவது யார் என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். விரிப்பு வாங்கும்போது அதன் தடிப்பையும் வெயிலைத் தாங்கும் உத்தரவாதத்தையும் பாருங்கள். மலிவான விரிப்பின் குமிழ்கள் விரைவில் வெடித்து நீரில் துகள்களாக மிதக்கும்.

இத்துறைப் பொருட்களை இறக்குமதி செய்யும், விற்பனை செய்யும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹீற்றரை மட்டும் விற்று அனுப்பினால் மூன்றாம் மாதம் அந்த வாடிக்கையாளர் உங்களைக் குறை சொல்வார். முதலில் விரிப்பை விற்று, இழப்பைக் குறைத்து, அதன் பிறகு எஞ்சிய தேவைக்கு அளவான சிறிய பம்பியைக் கொடுத்தால் அந்தப் பட்டியலின் இலாபம் சற்றுக் குறையலாம். ஆனால் அவர் அடுத்த விடுதி உரிமையாளரையும் உங்களிடமே அனுப்புவார். விரிப்பைச் சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றவேண்டி வரும் என்பதால் அது திரும்பத் திரும்ப வரும் வியாபாரமும் ஆகும்.

உயிர்ப் பாதுகாப்பு

சிக்கனத்தைவிட முக்கியமானது இது. மிதக்கும் குமிழ் விரிப்பு எவரையும் தாங்காது. அதன்மேல் கால்வைக்கும் பிள்ளை உள்ளே போய்விடும், விரிப்பு மேலே மூடிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்ப்போருக்கு எதுவும் தெரியாது. எனவே பாதி திறந்து பாதி மூடிய நிலையில் எவரையும் குளிக்க விடக் கூடாது. திறந்தால் முழுவதும் திறக்க வேண்டும். தடாகத்தைச் சுற்றி வேலியும் பூட்டக்கூடிய வாசலும் தனியாக இருக்க வேண்டும்.

தடாகத்துக்கான மின்னிணைப்பைத் தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டே செய்ய வேண்டும். ட்ரிப் சுவிச் கட்டாயம். வாளியில் தண்ணீர் சூடாக்கும் கொயில்களைத் தடாகத்தில் இறக்குவது உயிரோடு விளையாடுவதாகும். எரிவாயு ஹீற்றரைக் காற்றோட்டமுள்ள வெளியிடத்திலேயே பொருத்த வேண்டும். மூடிய அறையில் எரிந்தால் மணமற்ற நச்சுவாயு சேரும்.

விரிப்பின் மேல் தேங்கும் மழை நீரை அன்றன்றே அகற்றுங்கள். டெங்கு நுளம்புக்கு ஒரு சிறிய தேக்கம் போதும். அதிகளவு குளோரின் இட்டு நீரைச் சுத்திகரிக்கும் நாட்களில் விரிப்பைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் விரிப்பே பழுதாகும்.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் வாளிச் சோதனையால் கசிவையும் ஆவியாதலையும் அறியுங்கள். கசிவை அடையுங்கள். உருளையோடு கூடிய விரிப்பை வாங்கி, மாலையில் மூடுவதையும் குளிக்கும் நேரத்தில் மட்டும் திறப்பதையும் ஓர் ஊழியரின் பொறுப்பாக்குங்கள். காற்றைத் தடுத்து, சூட்டை 28 பாகையில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரங்கள் நீரின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். இரவில் எத்தனை பாகை இறங்குகிறது என்பது அதில் தெரியும். அந்த எண்ணை உங்கள் தடாகத்தின் ஒரு பாகைக்கான அலகால் பெருக்கினால், எவ்வளவு பெரிய பம்பி தேவை என்பது கைக்கு வந்துவிடும். அந்தக் கொப்பியோடு கடைக்குப் போங்கள். விற்பனையாளர் சொல்லும் அளவு உங்கள் கணக்கைவிட இரு மடங்கு கூடுதலாக இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். தகுந்த காரணம் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.